தேனிலவுக்குத் தீவைத் தேர்ந்தெடுப்போர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தேனிலவுக்கு ஒரு தீவு என்று முடிவானதும் பெரும்பாலோர் முதலில் தேடுவது படங்களைத்தான். பச்சையும் நீலமும் கலந்த கடல், நீருக்கு மேல் தூண்களில் நிற்கும் குடில், மணலில் விளக்கேற்றி விரித்த மேசை. அந்தப் படங்களில் பொய் எதுவும் இல்லை. ஆனால் அவை எந்த மாதத்தில், தீவின் எந்தக் கரையில், கடல் ஏறியிருந்த எந்த நேரத்தில் எடுக்கப்பட்டவை என்பதை நாம்தான் கேட்டறிய வேண்டும். வெப்பமண்டலத் தீவுகளில் ஒரு பயணம் இனிப்பதும் கசப்பதும் இந்த மூன்றைப் பொறுத்தே அமைகிறது. கடலுக்கென்று ஒரு கால அட்டவணை உண்டு. அதைப் பார்க்காமல் நம் அட்டவணையை எழுதுவதிலிருந்துதான் தவறுகளில் பெரும்பாலானவை பிறக்கின்றன.

திருமண நாள் குறித்தாகிவிட்டது, விடுப்பும் அதையொட்டித்தான் கிடைக்கும் என்றால் மாதத்தை மாற்ற இயலாது. மாற்றக்கூடியது தீவு ஒன்றுதான். ஆனால் பலரும் நெடுநாளாக மனத்தில் வைத்திருந்த தீவையே பிடித்துக்கொண்டு, அந்த மாதத்தில் அங்கே காற்றும் மழையும் எப்படி என்று கேட்காமலே முன்பதிவு செய்துவிடுகிறார்கள். ஒரே நாட்டுக்குள்கூடப் பருவம் ஒன்றாக இருப்பதில்லை. தாய்லாந்தின் மேற்கே அந்தமான் கடலில் இருக்கும் புக்கெட்டில் மே முதல் அக்டோபர் வரை மழைக்காலம். கிழக்கே தாய்லாந்து வளைகுடாவில் இருக்கும் கோ சாமுயியிலோ அக்டோபர் முதல் டிசம்பர் வரையில்தான் கனமழை. ஆகவே ஜூலையில் செல்வோருக்குச் சாமுயியும், டிசம்பரில் செல்வோருக்குப் புக்கெட்டும் பொருத்தமானவை. கரீபியன் கடலில் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை சூறாவளிப் பருவம். ஆனால் தெற்கே உள்ள அரூபா, பொனேர், குராசோ ஆகிய மூன்று தீவுகளும் புயல்களின் வழக்கமான பாதைக்கு வெளியே இருப்பதால், செப்டம்பரில் மணமுடிப்போரும் அவற்றை எண்ணிப் பார்க்கலாம். மொரீஷியஸ் நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே இருப்பதால் அங்கே நவம்பர் முதல் ஏப்ரல் வரை புயல் காலம். ஜூலையும் ஆகஸ்டும் குளிர்காலம்.

மழைக்காலம் என்றாலே ஒதுக்கிவிட வேண்டும் என்பதும் தவறான எண்ணமே. மாலத்தீவில் தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மே முதல் அக்டோபர் வரையிலான மாதங்களில் மழை கூடுதல். அறைக் கட்டணமும் பெரும்பாலும் அப்போதுதான் குறைகிறது. அதே காலத்தில்தான் பா பவளத்தீவுக் கூட்டத்தின் ஹனிஃபாரு விரிகுடாவில் மிதவை நுண்ணுயிர்கள் குவிய, அவற்றை மேய்வதற்கு மாண்டா திருக்கைகள் கூட்டமாக வந்து சேர்கின்றன. அங்கே ஸ்கூபாவுக்கு, அதாவது காற்றுக் கலனுடன் நீருக்குள் மூழ்குவதற்கு, அனுமதி இல்லை. வழிகாட்டியுடன் நீரின் மேற்பரப்பில் மிதந்தபடியே பார்க்க வேண்டும். அந்தக் காட்சிக்காகவே செல்லும் இணையருக்கு இடையிடையே பெய்யும் மழை பெரிய இழப்பாகத் தோன்றாது.

மாதம் சரியாக அமைந்தாலும் கரை தவறிப்போகலாம். தான்சானியாவைச் சேர்ந்த சான்சிபார் தீவின் கிழக்குக் கரையில், பாஜே, ஜாம்பியானி போன்ற ஊர்களில் கடல் வற்றும்போது நீர்விளிம்பு நூற்றுக்கணக்கான மீட்டர் பின்வாங்கிவிடும். நீந்தும் ஆசையுடன் கதவைத் திறப்பவரின் முன்னே ஈர மணலும் சிறு குட்டைகளும் கிடக்கும். தொலைவில் பெண்கள் குனிந்து, குச்சிகளுக்கிடையே கட்டிய கயிறுகளில் வளரும் கடற்பாசியைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். நடந்து சென்று காண வேண்டிய அழகுதான் அது. ஆனால் அறையிலிருந்து இறங்கியதும் நீரில் குதிக்கலாம் என்று வந்தவர்கள் பல மணி நேரம் காத்திருக்க வேண்டியிருக்கும். அதே தீவின் வடமுனையில் நுங்வி, கெண்ட்வா பகுதிகளில் கடல் இவ்வளவு தொலைவு பின்வாங்குவதில்லை. செஷல்சில் மே முதல் செப்டம்பர் வரை வீசும் தென்கிழக்குக் காற்று, தன்னை எதிர்நோக்கிய கரைகளில் அலையை எழுப்பிக் கடற்பாசியையும் கொண்டுவந்து ஒதுக்குகிறது. அப்போது எதிர்ப்புறக் கரைகள் அமைதியாக இருக்கும். ஹவாயின் ஓவாஹு தீவின் வடகரையில் குளிர்கால அலைகள் தேர்ந்த அலைச்சறுக்கு வீரர்களுக்கே உரியவை. எனவே விடுதியின் பெயரோடு நின்றுவிடாமல், அது தீவின் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்பதை வரைபடத்தில் கண்டிப்பாகப் பாருங்கள்.

நீருக்கு மேலான குடிலுக்கும் இது பொருந்தும். மேற்கு நோக்கிய குடிலில் சூரியன் மறைவதைக் காணலாம், ஆனால் பிற்பகல் முழுவதும் வெயில் நேராக உள்ளே இறங்கும். காற்று வரும் பக்கமாக இருந்தால் இரவெல்லாம் தூண்களில் அலை மோதும் ஓசை கேட்டுக்கொண்டே இருக்கும். இருவரில் ஒருவருக்கு நீச்சல் தெரியாதென்றால் கரையோரக் குடிலே மேல் என்பது என் கருத்து. படிக்கட்டின் கீழே ஆழமும் நீரோட்டமும் எப்படி என்று கேட்காமல் நீர்க்குடிலுக்குப் பணம் கட்ட வேண்டாம்.

அடுத்தது, விமான நிலையத்திலிருந்து தீவுக்குப் போய்ச் சேரும் வழி. மாலத்தீவில் நீரிலேயே இறங்கி ஏறும் கடல் விமானங்கள் பகல் வெளிச்சத்தில் மட்டுமே பறக்கின்றன. மாலை நேரத்தில் தலைநகர் மாலேயில் வந்திறங்குவோர் அன்றிரவை அங்கேயே கழித்து மறுநாள் காலையில்தான் செல்ல முடியும். ரிசார்ட்டில் அந்த இரவுக்குக் கட்டிய பணம் பெரும்பாலும் வீணாகிவிடும். ஆகவே பன்னாட்டு விமானச் சீட்டை எடுப்பதற்கு முன்பே, கடைசிக் கடல் விமானம் எத்தனை மணிக்கு என்று ரிசார்ட்டிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். அதில் பெட்டிகளின் எடைக்கும் கண்டிப்பான வரம்பு உண்டு. சில ரிசார்ட்டுகள் தங்கள் கடிகாரத்தை மாலேயைவிட ஒரு மணி நேரம் முன்னதாக வைத்துக்கொள்கின்றன என்பதையும், புறப்படும் நாளில் குழப்பம் வராமலிருக்க, நினைவில் வையுங்கள். பாலியில் நியெப்பி எனப்படும் மௌன நாளில், பெரும்பாலும் மார்ச் மாதத்தில் வருவது அது, விமான நிலையமே 24 மணி நேரம் மூடப்படுகிறது. விருந்தினர்களும் விடுதியை விட்டு வெளியே வரக் கூடாது. அந்த அமைதியை விரும்பி அதற்காகவே செல்வோர் உண்டு, ஆனால் அறியாமல் அந்த நாளில் சீட்டெடுத்தவர்கள் திண்டாடிப் போவார்கள்.

ஒரு வாரத்தில் மூன்று, நான்கு தீவுகளைப் பார்த்துவிட முயல்வதும் வேண்டாம். ஒவ்வொரு மாற்றமும், பெட்டி கட்டுவதிலிருந்து புது அறையின் சாவி கைக்கு வரும் வரை, அரை நாளையேனும் விழுங்கிவிடும்.

கடல் விளையாட்டுகளில் மக்கள் அதிகம் தவறுவது வரிசையில்தான். ஸ்கூபாவைக் கடைசி நாளுக்கு வைத்துக்கொள்வது ஆபத்தானது. அழுத்தத்தில் மூச்சுவிடும்போது உடலில் கரைந்த நைட்ரஜன் மெல்ல வெளியேற நேரம் தேவை. அதற்குள் விமானம் ஏறினால், குறைந்த அழுத்தத்தில் அது குமிழிகளாகி மூட்டுகளையும் நரம்புகளையும் தாக்கக்கூடும். ஒரே ஒரு முறை மூழ்கியவர் குறைந்தது 12 மணி நேரமும், பல முறை மூழ்கியவர் குறைந்தது 18 மணி நேரமும் கழித்தே பறக்க வேண்டும் என்பது மூழ்குவோர் பாதுகாப்புக்கான பரிந்துரை. முதல் நாட்களிலேயே மூழ்கி முடித்துவிட்டால் இந்தக் கணக்கே தேவையில்லை.

ஸ்நோர்க்கெலிங்கில் ஆபத்து இவ்வளவு இல்லை என்றாலும், நாங்கள் பாடம் கற்றது அதில்தான். முகத்தை நீருக்குள் வைத்து மீன்களைப் பார்த்தபடி மிதக்கும்போது, முதுகில் வெயில் ஏறுவது தெரிவதே இல்லை. நீர் குளிர்ச்சியாக வருடிக்கொண்டே இருக்கிறது. அன்று மாலை என் கணவரின் முதுகு கன்றிச் சிவந்திருந்தது. நீச்சலுடையின் வார் பட்ட இடம் மட்டும் வெளிறிக் கோடாக நின்றது. அடுத்த இரண்டு இரவுகள் அவர் குப்புறப் படுத்தே உறங்கினார். முழுக்கை நீச்சல் சட்டை ஒன்று போதும், இதைத் தவிர்த்துவிடலாம். சன்ஸ்கிரீன் வாங்குவோர் அதில் என்ன கலந்திருக்கிறது என்றும் பார்க்க வேண்டும்: பவளப்பாறைகளைக் காக்கும் பொருட்டு ஆக்ஸிபென்சோன், ஆக்டினாக்சேட் என்னும் வேதிப்பொருட்கள் கலந்தவற்றின் விற்பனையை ஹவாய் 2021 முதல் தடை செய்திருக்கிறது, பசிபிக் தீவு நாடான பலாவு 2020-லேயே இத்தகைய தடையைக் கொண்டுவந்தது.

நீரோட்டம் கடலுக்குள் இழுத்தால் அதை எதிர்த்துக் கரையை நோக்கி நீந்தாமல், கரைக்கு இணையாக நீந்தி அதிலிருந்து விலகிய பிறகே திரும்ப வேண்டும். வாடகை ஸ்கூட்டரை உரிய உரிமம் இன்றி ஓட்டி விபத்து நேர்ந்தால், பயணக் காப்பீடு கைகொடுக்காது என்பதையும் மறவாதீர்கள்.

உணவைப் பற்றி யாரும் முன்கூட்டிச் சிந்திப்பதாகத் தெரியவில்லை. தீவில் அதுதான் பெரிய செலவாகிவிடுகிறது. ஒரு தீவு முழுவதும் ஒரே ரிசார்ட் என்ற நிலையில், வெளியே போய்ச் சாப்பிட வேறு இடமே இருக்காது. காலை உணவு மட்டும் அடங்கிய கட்டணம் மலிவாகத் தோன்றினாலும், மற்ற இரு வேளைகளையும் கூட்டிப் பார்த்தால் கணக்கு மாறிவிடும். மூன்று வேளையும் அடங்கியது என்றாலும் பானங்கள் அடங்குமா, தனிச் சிறப்பு உணவகங்கள் அடங்குமா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். விலைப்பட்டியலில் எண்ணுக்குப் பின் இரண்டு கூட்டல் குறிகள் இருந்தால், சேவைக் கட்டணமும் வரியும் அதற்கு மேல் சேரும் என்று பொருள். மாலத்தீவில் மக்கள் வாழும் தீவுகளில் விருந்தினர் இல்லங்களும் சிற்றுண்டிச் சாலைகளும் உண்டு, செலவும் குறைவு. ஆனால் அங்கே மது கிடைக்காது, நீச்சலுடையில் இருப்பதற்கும் ஒதுக்கப்பட்ட கடற்கரை மட்டுமே உண்டு. இதை அறிந்து மனமொத்துச் செல்வோருக்கு அது நிறைவான அனுபவம்.

உணவில் எதையேனும் தவிர்ப்பவர்கள், ஒவ்வாமை உள்ளவர்கள் அதை முன்பதிவின்போதே விளக்கமாக எழுதிவிட வேண்டும். "சைவம்" என்ற ஒரு சொல் போதாது. தென்கிழக்காசியச் சமையலில் காய்கறிக் குழம்பிலும் மீன் சாறும் இறால் விழுதும் கலந்திருக்கும். மீன் உண்போருக்கும் ஓர் எச்சரிக்கை உண்டு: பாராகுடா, களவா போன்ற பெரிய பாறை மீன்களில் சிகுவாடெரா என்னும் நஞ்சு இருக்கக்கூடும், அது வேகவைத்தாலும் பொரித்தாலும் அழிவதில்லை.

கடற்கரையில் இருவருக்கு மட்டுமான இரவு உணவைப் பலர் கடைசி இரவுக்கு ஒதுக்குகிறார்கள். அன்று மழையோ காற்றோ வந்தால் மாற்ற வேறு நாள் இருக்காது. காற்றடிக்கும் மணலில் மெழுகுவர்த்தி நிற்பதில்லை, தட்டில் மணல் விழுகிறது, துணிகளை இடுக்கி போட்டுப் பிடிக்க வேண்டியிருக்கிறது. இரண்டாம் இரவுக்கே குறித்துவிடுங்கள், அப்போது தள்ளிவைக்க இடம் இருக்கும். பௌர்ணமியையும் அமாவாசையையும் ஒட்டிய நாட்களில் கடல் வழக்கத்தைவிட மேலே ஏறும் என்பதால், மேசையை எங்கே போடுவார்கள் என்றும் கேளுங்கள்.

ஆவணங்களில் நேரும் தவறு சிறியது, விளைவு பெரியது. திருமணத்துக்குப் பின் வைத்துக்கொள்ளவிருக்கும் பெயரில் விமானச் சீட்டும், பழைய பெயரில் கடவுச்சீட்டும் இருந்தால் விமானம் ஏற முடியாது. கடவுச்சீட்டு குறைந்தது ஆறு மாதமேனும் செல்லுபடியாக வேண்டும் என்று பல நாடுகள் கேட்கின்றன. தேனிலவுச் சலுகைகளுக்குத் திருமணச் சான்றிதழின் நகலை ரிசார்ட்டுகள் கேட்பதுண்டு. விரைவில் குழந்தைப் பேற்றை எண்ணும் இணையர், செல்லும் தீவில், கருவிலுள்ள குழந்தையைப் பாதிக்கக்கூடிய ஜிகா வைரஸ் பரவல் உண்டா என்று மருத்துவரிடம் கேட்டுக்கொள்வது மிக அவசியம். அத்தகைய இடத்துக்குச் சென்று திரும்பினால், கருத்தரிக்க முயலும் முன் பெண் 2 மாதமும் ஆண் 3 மாதமும் காத்திருக்க வேண்டும் என்று அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு மையம் அறிவுறுத்துகிறது.

இவற்றையெல்லாம் சரிபார்த்த பிறகு, நாட்களை நிரப்பும் முன், ஒருவருக்கொருவர் பேசிக்கொள்ளுங்கள். திருமண அலைச்சலுக்குப் பின் ஒருவர் உறங்க விரும்புவார், மற்றவர் விடியற்காலைப் படகுக்குப் பெயர் கொடுத்திருப்பார். இதைத் தீவில் போய்த் தெரிந்துகொள்வதைவிட வீட்டிலேயே தெரிந்துகொள்வது நல்லது. முதல் நாளில் ஓய்வு, இரண்டாம் நாளில் அந்த இரவு உணவு, நடுவில் கடல். கடைசி முழு நாளை வெறுமையாக விட்டு வையுங்கள். மழையால் தள்ளிப்போன எதையேனும் அன்று செய்துகொள்ளலாம். அப்படி எதுவும் இல்லையென்றால், கடல் ஏறும் நேரத்தை வரவேற்பறையில் கேட்டுக்கொண்டு இருவரும் நீந்தப் போகலாம்.