விரலைக் குறை சொல்ல முதல் கம்பியைப் பாருங்கள்: பேஸ் கிற்றார் பழகத் தொடங்குவோருக்கு

பேஸைக் கையில் எடுத்த இரண்டாவது கிழமையே "விரலில் பலம் காணாது" என்ற முறைப்பாடு வந்துவிடும். இடது கை பத்து நிமிடத்தில் இறுகும். சின்ன விரல் சொன்ன இடத்துக்குப் போகாது. வலது கை விரல் நுனி கொப்பளிக்கும். உடனே ஸ்பிரிங் வைத்த கைப்பயிற்சிக் கருவி ஒன்றை வாங்கி நசுக்கத் தொடங்குவார்கள். அது வேண்டாம். விரலை மடக்கும் பெரிய தசைகள் விரலில் இல்லை, முன்கையில் இருக்கின்றன. தண்ணீர் வாளி தூக்குகிற கைக்கு ஒரு கம்பியை அழுத்தும் பலம் ஏற்கெனவே உண்டு. பேஸ் கேட்பது வேறு: ஒரு விரல் அசையும்போது மற்றது கூட இழுபடக் கூடாது, தேவைக்கு மேல் அழுத்தவும் கூடாது. ஸ்பிரிங் கருவி எல்லா விரல்களையும் ஒன்றாக இறுக்கத்தான் பழக்கும். பேஸில் நாம் கைவிட வேண்டிய பழக்கமே அதுதான்.

முதலில் வாத்தியம்

12ஆவது பிரெட்டின் (விரல் வைக்கும் பலகையில் குறுக்கே பதித்த இரும்புப் பட்டி) மேல்முகத்துக்கும் கம்பியின் அடிப்பக்கத்துக்கும் இடையே மில்லிமீற்றர் அடிமட்டத்தை நிறுத்திப் பாருங்கள். பேஸின் நான்கு கம்பிகள் தடித்ததிலிருந்து மெல்லியது வரை ஈ, ஏ, டி, ஜி. தடித்த ஈ கம்பியில் 2 முதல் 2.5 மில்லிமீற்றர், மெல்லிய ஜி கம்பியில் 1.6 முதல் 2 மில்லிமீற்றர் இருந்தால் தொடங்குகிறவருக்கு நல்லது. கைமாறி வந்த பழைய பேஸ்களில் 3, 4 மில்லிமீற்றர் கூட நிற்கும். அப்படிப்பட்டதில் ஆறு மாதம் மல்லுக்கட்டினால் விரல் பலப்படாது, பெருவிரலால் நெக்கை, அதாவது இடது கை பிடிக்கும் நீண்ட கழுத்தை, நசுக்கும் பழக்கம்தான் ஊறும்.

உயரம் கூடவென்றால் பிரிட்ஜில் (உடலில் கம்பிகள் தாங்கி நிற்கும் இரும்புப் பகுதி) உள்ள சின்னத் திருகாணிகளில் உடனே கை வைக்காதீர்கள். முதலில் நெக் வளைந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஈ கம்பியை முதலாவது பிரெட்டில் ஒரு கையாலும், நெக் உடலோடு சேரும் இடத்துப் பிரெட்டில் மறு கையாலும் அழுத்துங்கள். நடுவில், 7ஆவது 8ஆவது பிரெட் பக்கம், கம்பிக்குக் கீழே ஒரு விசிட்டிங் கார்ட் மட்டுமட்டாகப் போக வேண்டும். அது ஏறக்குறைய 0.3 மில்லிமீற்றர். இரண்டு கார்ட் தாராளமாகப் போனால் நெக் முன்பக்கம் வளைந்திருக்கிறது. நெக்கின் உள்ளே ஓடும் இரும்புக் கம்பியின் (ட்ரஸ் ரொட்) தலையை அதற்கான சாவியால் வலப்பக்கமாகக் கால் சுற்று இறுக்கி, திரும்பச் சுருதி கூட்டி, மறுநாள் அளந்து பாருங்கள். இடைவெளியே இல்லையென்றால் இடப்பக்கமாகக் கால் சுற்று. ஒரே இருப்பில் அரைச் சுற்றுக்கு மேல் போக வேண்டாம். சாவி திரும்ப மறுத்தால் அதோடு நிறுத்தி, தெரிந்த ஒருவரிடம் கொடுங்கள். நெக் சரியான பிறகுதான் பிரிட்ஜ் திருகாணி. அதற்குப் பெரும்பாலும் 1.5 மில்லிமீற்றர் அலன் சாவி பொருந்தும்.

திருகோணமலையில் இதை வருடத்துக்கு இரண்டு தரமாவது பார்க்க வேண்டியிருக்கும். ஐப்பசி தொடங்கித் தை வரைக்கும் மழையும் வாடையுமாக மரம் ஈரத்தைக் குடிக்கும். நெக் பெரும்பாலும் முன்னுக்கு வளைந்து கம்பி உயரும். கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் மரம் காய்ந்து எதிர்ப்பக்கம் போகும். அப்போது கம்பி பிரெட்டில் உரசிச் சலசலக்கும். நேற்று வரை சுகமாக இருந்த பேஸ் இன்று கையை நோகடித்தால், விரலைச் சந்தேகிக்க முதல் விசிட்டிங் கார்டை எடுங்கள்.

கம்பி விடயத்தில் பெட்டியில் 45–105 என்று போட்டிருப்பது வழமையான அளவு. அங்குலத்தை ஆயிரமாகப் பிரித்த கணக்கு அது. தொடங்குகிறவர்கள் 40–95 போட்டால் இழுவை குறைந்து கை இலகுவாகும். ஆனால் இழுவை குறைய நெக்கும் சற்றே நிமிரும், திரும்ப அளக்க வேண்டும். உப்புவெளி, பின்குடாப் பக்கம் கடலோரமாக இருக்கிறவர்களுக்கு இன்னொன்று: வியர்வையும் உப்புக் காற்றும் சேர்ந்து கம்பியைச் சொரசொரப்பாக்கிவிடும். துரு ஏறிய கம்பி அரம் மாதிரி விரலை அராவும். வாசித்து முடிந்ததும் காய்ந்த பருத்தித் துணியால் ஒவ்வொரு கம்பியையும் அடியும் மேலுமாகத் துடைத்து, பேஸை உறைக்குள் வையுங்கள். சுவரில் மாட்டி அழகு பார்ப்பது மலைநாட்டுக்குச் சரி.

தோள்பட்டி பற்றி ஒரு வரி போதும்: கதிரையில் இருக்கும்போது பேஸ் எந்த உயரத்தில் இருக்கிறதோ, நிற்கும்போதும் அதே உயரத்தில் இருக்க வேண்டும். முழங்காலில் தொங்கவிட்டு வாசிப்பது மேடையில் எடுப்பாகத்தான் இருக்கும், மணிக்கட்டு மடிந்து போகும்.

இடது கை: எவ்வளவு அழுத்தினால் போதும்?

விரல்களுக்கு எண் கொடுத்துக்கொள்வோம். சுட்டு 1, நடு 2, மோதிரம் 3, சின்ன விரல் 4. பெருவிரல் நெக்கின் பின்புறம், நடுவிரலுக்கு ஏறக்குறைய நேர் எதிரே, சும்மா சாய்ந்திருக்கட்டும்.

முதல் பயிற்சியை டி கம்பியின் 5ஆவது பிரெட்டில் செய்யுங்கள். விரலைப் பிரெட் இரும்புக்குச் சற்றுப் பின்னால், ஒட்டினாற் போல, அழுத்தாமல் வையுங்கள். வலது கையால் சுண்டினால் "டொக்" என்று செத்த ஒலி வரும். சுண்டிக்கொண்டே அழுத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். சலசலப்பு வரும், பிறகு ஓரிடத்தில் சுரம் தெளியும். அங்கே நிறுத்துங்கள். தேவையான அழுத்தம் அவ்வளவுதான், அதற்கு மேல் கொடுப்பதெல்லாம் வீண். நான்கு விரலுக்கும் பத்துத் தரம். விரல் இரண்டு இரும்புகளுக்கும் நடுவில் இருந்தால் கூடுதலாக அழுத்த வேண்டிவரும். இரும்பின் மேலேயே ஏறினால் ஒலி மங்கும்.

அடுத்து, பெருவிரலை நெக்கிலிருந்து முழுதாக எடுத்துவிட்டு அதையே செய்யுங்கள். வலது முன்கை பேஸின் உடலை லேசாக நெஞ்சோடு பிடித்திருக்க, இடது கையின் பாரமே கம்பியைப் பின்னுக்கு இழுக்கும். சுரம் தெளிவாக வருவதைப் பார்த்து ஆச்சரியப்படுவீர்கள். இத்தனை நாள் பெருவிரல் செய்த வேலையில் பாதி தேவையில்லாதது.

எங்கே பழகுவது என்பதிலும் ஒரு கணக்கு இருக்கிறது. வழமையான பேஸில் நட்டிலிருந்து (நெக்கின் தலைப்பக்கம் கம்பிகள் தங்கும் சின்னக் கட்டை) பிரிட்ஜ் வரை 34 அங்குலம், அதாவது 864 மில்லிமீற்றர். அதில் முதலாவது பிரெட்டுக்கும் நான்காவதுக்கும் இடைத்தூரம் கிட்டத்தட்ட 130 மில்லிமீற்றர். 25.5 அங்குலச் சாதாரண கிற்றாரில் அதே இடம் 97 மில்லிமீற்றர்தான். ஆகவே கிற்றார் வாசித்தவர்கள் பேஸின் அடியில், நட்டுக்குப் பக்கத்தில் போய், விரலுக்கொரு பிரெட் என்று விரித்தால் கை கிழிவது போல இருக்கும். 5ஆவதிலிருந்து 8ஆவது வரை 103 மில்லிமீற்றர், கைக்கு அடங்கும். முதல் இரண்டு மாதம் அங்கேயே இருங்கள். பாட்டுக்காக அடிப் பிரெட்டுகளுக்குப் போக வேண்டி வந்தால் 1, 2, 4 விரல்களை மட்டும் பாவித்து மூன்று பிரெட்டை மூடுங்கள்; மோதிர விரல் சின்ன விரலோடு சேர்ந்தே இறங்கட்டும். டபிள் பேஸ்காரர்களின் பழைய முறை இது. நாலாவது பிரெட் தேவையென்றால் விரலை விரிக்காமல் கையையே நகர்த்துங்கள்.

இனி விரல்களைப் பிரிக்கும் பயிற்சி. ஈ கம்பியில் 5, 6, 7, 8ஆவது பிரெட்டுகளை 1, 2, 3, 4 விரல்களால் ஒவ்வொன்றாக வாசியுங்கள். வைத்த விரலை எடுக்காதீர்கள். சின்ன விரல் 8இல் இறங்கும்போது நான்கும் கம்பியில் இருக்க வேண்டும். இப்போது சுட்டு விரலை மட்டும் ஏ கம்பியின் 5ஆவதுக்கு நகர்த்துங்கள், மற்ற மூன்றும் ஈ கம்பியிலேயே. பிறகு நடுவிரல், பிறகு மோதிர விரல், பிறகு சின்ன விரல். இப்படியே டி, ஜி வரை போய்த் திரும்புங்கள். நிமிடத்துக்கு 50 தட்டு, ஒரு தட்டுக்கு ஒரு சுரம். மோதிர விரலை நகர்த்தும்போது சின்ன விரலும் கூடக் கிளம்பும். அது சோம்பல் அல்ல. புறங்கையில் அந்த விரல்களின் நாண்கள் ஒன்றோடொன்று இணைந்திருக்கின்றன. அவசரப்படாமல் செய்தால் இரண்டு, மூன்று கிழமையில் வித்தியாசம் தெரியும். பிறகு வரிசையை மாற்றுங்கள்: 1-3-2-4, 1-4-2-3, 4-2-3-1. நான்கு விரலுக்கும் மொத்தம் 24 வரிசை உண்டு. ஒரு நாளைக்கு இரண்டுக்கு மேல் எடுக்க வேண்டாம். இந்த வரிசைகளில் விரல் கம்பியிலிருந்து ஒரு சென்ரிமீற்றருக்கு மேல் எழும்பவும் விடாதீர்கள். பறக்கிற விரல் திரும்பி வர நேரம் எடுக்கும்.

வலது கை

பெருவிரலைப் பிக்கப்பின் (கம்பிகளுக்குக் கீழே அதிர்வைப் பிடிக்கும் காந்தப் பெட்டி) மேல் ஊன்றி, சுட்டும் நடுவும் மாறி மாறிச் சுண்ட வேண்டும். நுனியை மட்டும் கொக்கி போல வளைத்துக் கம்பியை வெளியே இழுத்தால் அது பிரெட்டில் மோதிச் சடசடக்கும். விரல் உள்ளங்கையோடு சேரும் மொழியிலிருந்து அசைந்து, கம்பியைக் கடந்து, அடுத்த தடித்த கம்பியில் போய்ச் சாய வேண்டும். ஜி கம்பியைச் சுண்டிய விரல் டியில் தங்கும், டியைச் சுண்டியது ஏயில். ஈ கம்பியைச் சுண்டினால் பெருவிரலில் தங்கும். இதனால் பக்கத்துக் கம்பியின் முனகலும் அடங்கும். டி, ஜி கம்பிகளில் நெடுநேரம் இருக்கும்போது பெருவிரலை ஈ கம்பி மேல் இறக்கி வையுங்கள். மெல்லிய கம்பிகள் தாமாக அதிராமல் இருக்க, இடது கையில் வேலையில்லாத விரல்கள் அவற்றின் மேல் படுத்திருக்கட்டும். அம்ப்பில் (பேஸின் ஒலியைப் பெருக்கும் பெட்டி) சத்தம் குழம்புகிறது என்று கைப்பிடிகளைத் திருப்பும் பலருக்கு உண்மையில் தேவைப்படுவது இந்த அடக்கம்தான்.

மெல்லிய கம்பியிலிருந்து தடித்ததுக்கு இறங்கும்போது மாறி மாறி என்ற விதியைத் தளர்த்தலாம். டியைச் சுண்டிய விரல் ஏற்கெனவே ஏ கம்பியில்தான் சாய்ந்திருக்கிறது. அதே விரலால் ஏயையும் இழுத்துவிடுங்கள்.

நிமிடத்துக்கு 60 தட்டு வைத்து, திறந்த கம்பியில் (இடது கையால் அழுத்தாமல்) தட்டுக்கு ஒன்று, பிறகு இரண்டு, பிறகு "தகதிமி" என்று நான்கு. வாயால் சொல்லிக்கொண்டே வாசியுங்கள். மிருதங்கம் பழகிய தம்பி, தங்கை வீட்டில் இருந்தால் அவர்களைச் சொல்லச் சொல்லுங்கள். நாலு நன்றாக வந்த பிறகு "தகிட தகிட" என்று மூன்று மூன்றாக. இது உண்மையான சோதனை. இரண்டு விரலால் மூன்று வாசிக்கும்போது முதல் "த" சுட்டு விரலில் விழும், அடுத்த "த" நடுவிரலில் விழும். இரண்டும் ஒரே கனத்தில் கேட்க வேண்டும். பெரும்பாலும் கேட்காது, நடுவிரல் நீளம், அது ஓங்கி அடிக்கும். திருகோணமலை, மட்டக்களப்புப் பறங்கியர் கல்யாண வீடுகளின் கஃப்ரிஞ்ஞா ஆட்ட இசையும், நம் மேடைகளில் ஓயாத பைலாவும் இந்த 6/8 நடையில்தான் ஓடுகின்றன. இசைக்குழுவில் சேர நினைக்கிறவருக்கு இது தப்ப முடியாத பாடம்.

தொலைபேசியில் பதிந்து கேளுங்கள், ஆனால் தாளத்துக்கு மட்டும். ஈ கம்பியின் அடிச் சுரம் 41 ஹேர்ட்ஸ். தொலைபேசியின் சின்ன ஒலிபெருக்கி அதை எழுப்பாது. கரண்ட் இல்லாத நேரம் பழகினால் சத்தம் காணாமல் ஓங்கி அடிக்கத் தோன்றும். அதற்குப் பதில் பேஸின் கொம்பை (உடலின் மேல்பக்கம் நீண்டிருக்கும் முனை) மர அலுமாரியிலோ மேசையிலோ முட்டக் கொடுங்கள், மரம் ஒலியைப் பெருக்கித் தரும். கரண்ட் இருந்தால் அம்ப்பைச் சற்றுக் கூட்டி, விரலை மென்மையாக்குங்கள்.

ஒரு நாளைக்கு எவ்வளவு

இருபது நிமிடம், ஆனால் எல்லா நாளும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் மூன்று மணித்தியாலம் இருப்பது கையை நோகடிக்கும் வழி. திறந்த கம்பி 4 நிமிடம், இடது கைப் பயிற்சி 6, சங்கராபரணம் 5, மிச்சம் ஏதாவது ஒரு பாட்டு. சங்கராபரணத்தை ஏ கம்பியின் 8ஆவது பிரெட்டில் ச வைத்துத் தொடங்குங்கள்: ஏயில் 8, 10, டியில் 7, 8, 10, ஜியில் 7, 9, 10. விரல்கள் 2, 4; 1, 2, 4; 1, 3, 4. சுரத்தைப் பாடிக்கொண்டே வாசித்தால் காதும் கையும் ஒன்றாகப் பழகும். ஒரு வேகத்தில் மூன்று தரம் பிழையில்லாமல் வந்தால் 4 தட்டு கூட்டுங்கள், இல்லாவிட்டால் அங்கேயே. பாட்டு எதுவும் இருக்கலாம், இளையராஜாவின் பேஸ் வரிகளை மட்டும் இப்போதைக்குத் தள்ளி வையுங்கள். அவை தனிக் குரலாக அலைபவை. நாலு மாதம் கழித்துப் போனால் அழ வேண்டி வராது.

கொப்பளமும் வலியும்

வலது கை நுனியில் கொப்பளம் வந்தால் உடைக்காதீர்கள். இரண்டு நாள் வலது கைக்கு ஓய்வு, இடது கைப் பயிற்சியை மட்டும் தொடரலாம். கடலில் குளித்துவிட்டு வந்தோ, கன்னியா வெந்நீர் வார்த்துவிட்டு வந்தோ, சட்டிபானை கழுவிவிட்டோ உடனே வாசிக்க உட்காராதீர்கள். ஊறிய தோல் சுலபமாக உரியும். ஒரு மணித்தியாலம் போகட்டும். நகத்தை ஒட்ட வெட்டுங்கள்.

முன்கையில் வரும் களைப்பு சாதாரணமானது. கையைத் தொங்கவிட்டு உதறி, இரண்டு நிமிடம் விட்டுத் தொடரலாம். மணிக்கட்டில் குத்தும் வலி, விரலில் விறைப்பு, ஊசி குத்துவது போன்ற உணர்வு என்றால் அந்த இடத்திலேயே பேஸைக் கீழே வையுங்கள். பொதுவாக மணிக்கட்டு மடிந்திருக்கும், அல்லது பெருவிரல் நெக்கை நசுக்கும். சில நாள் ஓய்வுக்குப் பிறகும் விறைப்பு மாறாவிட்டால் வைத்தியரிடம் காட்டுங்கள். போகும்போது நீங்கள் வாசிப்பதை ஒருவரைக் கொண்டு பக்கவாட்டில் வீடியோ எடுத்துக் கொண்டு போங்கள். மணிக்கட்டு எவ்வளவு மடிகிறது என்பதை வாயால் சொல்லி விளக்குவது கஷ்டம்.