மலையேற்றப் போட்டிக்கு டயர் வாங்கும் முன்

ஏப்ரலில் நுவரெலியா மகாகஸ்தோட்டை மலையேற்றப் போட்டிக்கு பைக்கைத் தயார்படுத்தும் தம்பிமாரே, காடியே இல்லாத வழுவழுப்பான ஸ்லிக் டயரில் ஆசை வைக்காதீர்கள். அது நன்றாகச் சூடேறினால்தான் ரோட்டைப் பிடிக்கும். 6,000 அடி உயரத்துக் குளிரில், அந்தக் குறுகிய ஓட்டத்தில் சூடேறுவதற்குள் எல்லாம் முடிந்துவிடும். மென்மையான ரப்பரில் காடி வெட்டிய ஸ்போர்ட்ஸ் டயரே இங்கே சரி. திடீரென்று தூறல் விழுந்தாலும் அந்தக் காடி தண்ணீரை ஒதுக்கிவிடும்.

கடையில் டயரின் பக்கவாட்டைத் தடவிப் பாருங்கள். டிஓடி (DOT) என்று தொடங்கும் குறியீட்டின் முடிவில், டயர் செய்த காலத்தைக் காட்டும் நான்கு இலக்கம் இருக்கும். 1424 என்றால் 2024ஆம் ஆண்டின் 14ஆவது வாரத்தில் செய்தது. பழைய டயரும் புதிதுபோல மினுங்கும். நகத்தால் அழுத்தினால் கல்லாக இருக்கும். இதைப் பார்க்காமல் வாங்கி, ஈரமான வளைவில் பின்சக்கரம் வழுக்கி விழுந்தவன் நான். முழங்கையில் தழும்பு இன்னும் இருக்கிறது.

ரிம்முக்கு மீறிய அகலமும் வேண்டாம், டயரின் வடிவமே கெட்டுவிடும். அப்புறம் காற்று: ஹட்டனிலிருந்து ஏறி வந்த கையோடு அளக்காதீர்கள், சூட்டில் கூடுதலாகக் காட்டும். மறுநாள் காலை, பைக்கைக் கிளப்பும் முன் அளங்கள்.