வெளிநாட்டில் வாடகைக் கார்: ஓட்டத் தெரிந்தவர்கள் செய்யும் தவறுகள்

வெளிநாட்டில் காரை வாடகைக்கு எடுப்பவர்கள் பெரும்பாலும் நன்றாக ஓட்டத் தெரிந்தவர்கள்தான். சிக்கல் அங்கேயே தொடங்குகிறது. பல வருடம் ஓட்டிய கை நம்மைக் கேட்காமலே வேலை செய்யும். சாலையின் பக்கம் மாறிவிட்ட நாட்டில் அந்தப் பழக்கம்தான் ஆபத்து.

இடப்பக்கம் ஓட்டிப் பழகியவர் வலப்பக்கம் ஓட்டும் நாட்டுக்குப் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். நெரிசலில் அவர் அதிகம் தடுமாற மாட்டார், முன்னால் போகும் வண்டியைப் பார்த்தே போய்விடலாம். பயப்பட வேண்டியது காலியான சாலைக்கு. அதிகாலையில் ஹோட்டலை விட்டுக் கிளம்பும்போது, பெட்ரோல் பங்க்கிலிருந்து வெளியே வரும்போது, ஒருவழிப் பாதை முடிந்து இருவழிச் சாலை தொடங்கும்போது, கை தானாகப் பழைய பக்கத்துக்குப் போகும். முதல் நாள் கவனமாக இருந்தவர்களும் மூன்றாம் நாள் இதில் கோட்டை விடுவார்கள். ஒன்றை மட்டும் மனதில் வையுங்கள்: ஓட்டுநர் இருக்கை எப்போதும் சாலையின் நடுப்பக்கம் இருக்க வேண்டும். நீங்கள் சாலையோரமாக உட்கார்ந்திருந்தால், தவறான பக்கத்தில் போய்க்கொண்டிருக்கிறீர்கள். ஒவ்வொரு திருப்பத்திலும் ‘வலப்பக்கம்’ என்று வாய்விட்டுச் சொல்லும்படி பக்கத்தில் இருப்பவரைக் கேட்டுக்கொள்ளலாம். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

இருக்கை இடம் மாறியதால் வண்டியின் அகலமும் நமக்குப் பிடிபடாது. பயணி பக்கம் ஒதுங்கி ஒதுங்கிப் போய், நிற்கும் கார்களின் கண்ணாடியில் உரசுவது அடிக்கடி நடக்கிறது. வலப்பக்கம் ஓட்டும் நாட்டு ரவுண்டானாவில் வண்டிகள் இடமிருந்து வரும். அங்கே முதலில் இடப்பக்கம் பாருங்கள். இரவெல்லாம் விமானத்தில் விழித்திருந்துவிட்டு இறங்கியதும் நேராகக் கார் சாவியை வாங்காதீர்கள். ஒரு நாள் வாடகை மிச்சமானாலும் அது வேண்டாம்.

காகித விஷயத்தில் பெரிய தவறு, சர்வதேச ஓட்டுநர் அனுமதியை அங்கே போய் வாங்கிக்கொள்ளலாம் என்று நினைப்பது. அதை லைசென்ஸ் கொடுத்த நாட்டிலேயே வாங்க வேண்டும். சாலைப் போக்குவரத்துக்கான 1949 சர்வதேச ஒப்பந்தப்படி ஒன்று, 1968 ஒப்பந்தப்படி இன்னொன்று என இருவகை உண்டு. ஜப்பான் 1949 வகையை மட்டுமே ஏற்கிறது. எந்த வகையானாலும் அசல் லைசென்ஸும் கையில் இருக்க வேண்டும், அது இல்லாமல் இந்த அனுமதி செல்லாது.

கவுன்டரில் அவசரப்படாதீர்கள். பல நிறுவனங்கள் டெபாசிட்டுக்கு ஓட்டுநர் பெயரிலேயே கிரெடிட் கார்டு கேட்கும். ஒப்பந்தத்தில் பெயர் இல்லாதவர் ஓட்டி விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் கைகொடுக்காமல் போகலாம். அடிப்படை இன்சூரன்ஸில் டயர், கண்ணாடி, வண்டியின் அடிப்பாகம் பெரும்பாலும் சேராது. ஐஸ்லாந்தில் பலத்த காற்று கதவைப் பிடுங்கித் திருப்பிவிடும். அந்தச் சேதமும் பொதுவாக நம் தலையில்தான். எடுக்கும்போதும் திருப்பிக் கொடுக்கும்போதும் காரைச் சுற்றி வீடியோ எடுங்கள். சக்கரம், கூரை, எரிபொருள் முள், ஓடிய தூரம் எல்லாம் அதில் தெரிய வேண்டும். பழைய கீறல்கள் ஒப்பந்தத்தில் எழுதப்பட்ட பிறகே கையெழுத்துப் போடுங்கள்.

எரிபொருள் போடும்போது குழாயின் நிறத்தை நம்ப வேண்டாம். பிரிட்டனில் பச்சை என்றால் பெட்ரோல், அமெரிக்காவில் பல பங்க்குகளில் பச்சைதான் டீசல். ஸ்பெயினில் ‘கஸோலியோ’ என்று எழுதியிருப்பது கேட்க கேசோலின் (பெட்ரோல்) போல இருக்கும், ஆனால் அது டீசல். மாற்றிப் போட்டுவிட்டால் எஞ்சினை இயக்கவே கூடாது, உடனே வாடகை நிறுவனத்தைக் கூப்பிடுங்கள்.

சாலை விதிகள் எங்கும் ஒன்றுதான் என்ற எண்ணமும் வேண்டாம். அமெரிக்காவில் சிவப்பு விளக்கில் முழுவதுமாக நின்றுவிட்டு வலப்பக்கம் திரும்புவது பெரும்பாலும் செல்லும், நியூயார்க் நகரில் பொதுவாகச் செல்லாது. பிரான்சில் பலகை எதுவும் இல்லாத சந்திப்பில் வலப்பக்கமிருந்து வருபவருக்கே முன்னுரிமை, அது சின்னச் சந்தாக இருந்தாலும் சரி. ஹங்கேரியிலும் செக் குடியரசிலும் குடித்திருக்கும் அளவு பூஜ்யமாக இருக்க வேண்டும். பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் வேகப் பலகைகள் மைல் கணக்கு: 60 என்றால் மணிக்கு ஏறக்குறைய 97 கிலோமீட்டர். சுவிட்சர்லாந்து, ஆஸ்திரியா நெடுஞ்சாலைகளில் ஏற முன்கூட்டியே கட்டண வில்லை, அதாவது சாலைக் கட்டணம் கட்டியதற்கான அடையாளம், வேண்டும். எல்லை தாண்டுவதாக இருந்தால் நிறுவனத்திடம் முதலிலேயே அனுமதி வாங்குங்கள்.

இத்தாலிய நகரங்களின் பழைய பகுதிகளில் அனுமதி பெற்ற வண்டிகள் மட்டுமே போகலாம். ஃபிளோரன்ஸ், ரோம் போன்ற இடங்களில் நுழைவாயிலிலேயே கேமரா இருக்கும், யாரும் உங்களை நிறுத்த மாட்டார்கள். வழிகாட்டிச் செயலி அந்தத் தெரு வழியாகவே கூட்டிப்போகலாம். தங்கும் ஹோட்டல் உள்ளே இருந்தால், வண்டி எண்ணைப் பதிவு செய்ய முடியுமா என்று அவர்களிடம் முன்பே கேளுங்கள். ஒரே நாளில் இரண்டு முறை நுழைந்தால் இரண்டு அபராதம் வரலாம். அதற்கான கடிதம் ஊர் திரும்பிப் பல மாதம் கழித்து வரும். உங்கள் முகவரியைக் காவல்துறைக்குக் கொடுத்ததற்கு வாடகை நிறுவனம் தனிக் கட்டணத்தை உங்கள் கார்டில் அதற்கு முன்பே எடுத்திருக்கும்.