சிறுவர் வகுப்பிலிருந்து வாலிபர் ஐக்கியம் வரை: பிள்ளைகளை இடைவழியில் இழக்காமல் நடத்தும் முறை

பல சபைகளில் ஞாயிறு பள்ளி நன்றாகவே நடக்கிறது, வாலிபர் கூட்டமும் நடக்கிறது. ஆனால் முன்னதில் இருந்த பிள்ளைகளில் பலர் பின்னதில் இருப்பதில்லை. ஏறக்குறைய பதினொரு வயதுக்கும் பதினைந்து வயதுக்கும் இடையில் அவர்கள் ஓசையின்றி விலகிப்போகிறார்கள். ஆகவே இவ்விரண்டையும் தனித்தனி ஊழியங்களாகக் கருதாமல், ஒரே பிள்ளையை ஏறத்தாழ இருபது ஆண்டுகள் உடன் நடந்து வளர்க்கும் ஒரே பணியாகக் கருதித் திட்டமிட வேண்டும் என்பதே இக்கட்டுரை வலியுறுத்தும் கருத்து.

பாடத்திட்டத்தைத் தேடுவதற்கு முன்பு ஆசிரியர்களைத் தேடுங்கள். திறமையாகப் பாடுகிறவர், அழகாகக் கதை சொல்கிறவர் என்பதைவிட, ஒரே வகுப்பில் குறைந்தது ஓராண்டாவது தொடர்ந்து நிற்கக்கூடியவர் யார் என்று பாருங்கள். வாரம் ஒருவர் என்று முறைவைத்து அனுப்பினால் பெரியவர்களுக்குச் சுமை குறையும். பிள்ளைக்கோ தன் பெயரையும், தன் வீட்டில் யாருக்கு உடல்நலம் இல்லை என்பதையும் நினைவில் வைத்திருக்கிற ஒருவர் இல்லாமல் போய்விடுவார். சபையில் குறைந்தது ஆறு மாதமாவது அறியப்பட்டவராக இல்லாத எவரையும், அவர் எவ்வளவு ஆர்வம் காட்டினாலும், பிள்ளைகளின் பொறுப்பில் வைக்க வேண்டாம். முன்பு அவர் ஊழியம் செய்த சபையில் விசாரிப்பது அவமரியாதை அல்ல.

பாதுகாப்பு விதிகளை முதல் வகுப்புக்கு முன்பே எழுத்தில் வைத்து, பெற்றோருக்கும் ஒரு பிரதி கொடுங்கள். ஒரு வகுப்பில் எப்போதும் இரண்டு பெரியவர்கள் இருக்க வேண்டும். அவர்கள் கணவன் மனைவியாகவோ ஒரே குடும்பத்தாராகவோ இல்லாதிருப்பது நல்லது. எந்த ஆசிரியரும் ஒரு பிள்ளையோடு மூடிய அறையில் தனித்திருக்கக் கூடாது. தனியாகப் பேசவேண்டிய தேவை வந்தால், பிறர் பார்வையில் படுகிற இடத்தில் உட்கார்ந்து பேசலாம். சிறு பிள்ளைகளை யார் அழைத்துச் செல்லலாம் என்பதைப் பெற்றோரிடம் கேட்டுப் பதிவேட்டில் எழுதிவைத்து, அவர்களிடம் மட்டுமே ஒப்படையுங்கள். வளரிளம் பருவத்தினரோடு தலைவர்கள் இரவில் தனிச்செய்தி பரிமாறுவதைத் தவிர்த்து, பெற்றோரில் ஒருவரும் இடம்பெற்றிருக்கிற வாட்ஸ்அப் குழுவில் தகவல் தெரிவிக்கலாம். ஒரு பிள்ளை தனக்கு நேர்ந்த தீங்கைச் சொன்னால், குறுக்குக் கேள்வி கேட்காமல் பொறுமையாகக் கேட்டு, அது சொன்ன வார்த்தைகளை அப்படியே எழுதிவைத்து, அன்றே பொறுப்பாளரிடமும், சட்டப்படி அறிவிக்கவேண்டிய அதிகாரிகளிடமும் தெரிவிக்க வேண்டும். சபையின் பெயரைக் காப்பதற்காக அதை உள்ளுக்குள்ளேயே பேசி முடிப்பது அந்தப் பிள்ளைக்கு இழைக்கப்படும் இரண்டாவது தீங்கு.

பாடம் நடத்தும்போது ஒரு வேளைக்கு ஒரு சம்பவம், அதில் ஒரு கருத்து போதும். பகுதியைப் பலமுறை வாசித்துவிட்டு, புத்தகத்தைப் பார்த்துப் படிக்காமல் பிள்ளைகளின் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள். வசதியான இடத்தில் கதையை நிறுத்திவிடும் பழக்கத்தையும் கவனியுங்கள். சாமுவேலைக் கர்த்தர் கூப்பிட்ட சம்பவத்தை எல்லா வகுப்புகளிலும் சொல்கிறோம். சிறுவன் "சொல்லும், அடியேன் கேட்கிறேன்" என்றதோடு பெரும்பாலும் முடித்துவிடுகிறோம். மறுநாள் காலையில் அந்தச் சிறுவன் தன்னை வளர்த்த முதிய ஆசாரியர் ஏலியிடம் கடினமான செய்தியைச் சொல்லவேண்டியிருந்ததும், ஏலி அதை ஒன்றும் மறைக்காமல் சொல்லும்படி கேட்டு ஏற்றுக்கொண்டதும் அதே 1 சாமுவேல் மூன்றாம் அதிகாரத்தில்தான் இருக்கின்றன. பத்து வயதுப் பிள்ளைக்கு அந்தப் பகுதி மிகவும் தேவை, ஆசிரியருக்கும் தேவை. கதை முடிந்ததும் "என்ன நடந்தது" என்று மட்டும் கேட்காமல், "இதில் உனக்குப் புரியாதது எது, பிடிக்காதது எது" என்றும் கேளுங்கள். மனப்பாட வசனத்துக்குப் பரிசு கொடுப்பதில் தவறில்லை. ஆனால் நினைவாற்றல் குறைந்த பிள்ளை ஒவ்வொரு வாரமும் வெறுங்கையோடு போகும்படி விடாதீர்கள்.

பதினொரு வயதை நெருங்கும்போது முறை மாற வேண்டும். செயல்பாட்டுப் பாடல்களிலும் வண்ணம் தீட்டும் தாள்களிலும் நீடித்தால், தாங்கள் குழந்தைகளாக நடத்தப்படுவதை அவர்கள் உணர்ந்து விலகுவார்கள். வாலிபர் ஐக்கியத் தலைவர் ஒருவர் மேல் வகுப்புக்கு அவ்வப்போது வந்து உட்கார்ந்து அவர்களோடு பழகட்டும். வகுப்பு மாறும் ஆண்டில் பழைய ஆசிரியர் ஒருவரும் அவர்களோடு சேர்ந்து புதிய குழுவுக்குச் செல்லட்டும். பன்னிரண்டு வயதில் இயேசு தேவாலயத்தில் போதகர் நடுவில் உட்கார்ந்து, அவர்கள் பேசுகிறதைக் கேட்கவும் அவர்களை வினாவவும் செய்தார் என்று லூக்கா எழுதுகிறார். அந்த வயதில் கேள்வி எழுவது விசுவாசக் குறைவு அல்ல. துன்பம், அறிவியல், பிற சமயத்து நண்பர்கள், ஜெபத்துக்குக் கிடைக்காத பதில் என எதைக் கேட்டாலும் கேட்கவிடுங்கள். விடை தெரியாவிட்டால் தெரியவில்லை என்று சொல்லி, படித்துவிட்டு அடுத்த வாரம் மறவாமல் அதே கேள்விக்குத் திரும்புங்கள்.

வாலிபர்களுக்குக் கூட்டத்தை விடப் பொறுப்பு முக்கியம். 1780-ஆம் ஆண்டு இங்கிலாந்தின் குளொஸ்டர் நகரில் ராபர்ட் ரேக்ஸ் தொடங்கிய ஞாயிறு பள்ளி, வார நாட்களில் வேலைக்குச் சென்ற ஏழைப் பிள்ளைகளுக்கு எழுத்தறிவு கொடுப்பதிலிருந்து தொடங்கியது. அவர்களுக்கு உண்மையில் எது தேவை என்று பார்த்துச் செய்த வேலை அது. ஒரு நூற்றாண்டுக்குப் பின்பு, 1881-இல், அமெரிக்காவின் மேய்ன் மாநிலத்துப் போர்ட்லாந்தில் போதகர் பிரான்சிஸ் கிளார்க் தொடங்கிய கிறிஸ்தவ முயற்சிச் சங்கம், இளைஞர்களையே குழுக்களாகப் பிரித்துப் பணிகளை ஒப்படைத்தது. இன்றும் அந்த வழி பயன்தருகிறது. ஆராதனையில் வேதப் பகுதி வாசித்தல், ஒலிபெருக்கியைக் கவனித்தல், நோயாளிகளைச் சந்திக்கச் செல்லும் குழுவில் உடன் செல்லுதல், விடுமுறை வேதாகமப் பள்ளியில் உதவி ஆசிரியராக நிற்றல் ஆகியவற்றைக் கொடுக்கலாம். பதினெட்டு வயதுக்குக் குறைந்த உதவியாளரை மேற்சொன்ன இரண்டு பெரியவர்களில் ஒருவராகக் கணக்கிடக் கூடாது. நாற்காலி அடுக்கும் வேலையை மட்டும் கொடுத்துவிட்டு, முடிவெடுக்கும் கூட்டத்தில் அவர்கள் கருத்தைக் கேட்காவிட்டால், தங்கள் மதிப்பு என்ன என்பதை அவர்கள் விரைவில் கண்டுகொள்வார்கள்.

பெற்றோரை விட்டுவிட்டு இதில் எதுவும் நிலைக்காது. உபாகமம் ஆறாம் அதிகாரம், பிள்ளைகளுக்குப் போதிக்கும் கடமையை வீட்டில்தான் வைக்கிறது. சபையின் வகுப்பு வாரத்தில் ஒரு மணி நேரம் மட்டுமே. அன்றைய பகுதியையும், வீட்டில் பேசுவதற்கு ஒரு கேள்வியையும் சிறிய குறிப்பாக அனுப்பினால் போதும்.

வருகைப் பதிவேட்டை எண்ணிக்கைக்காக அல்லாமல் விசாரிப்பதற்காக வைத்திருங்கள். இரண்டு வாரம் தொடர்ந்து வராத பிள்ளையின் வீட்டுக்கு, கண்டிக்கும் தொனி இல்லாமல், ஆசிரியர் ஒருவர் பேசட்டும். படிப்புக்காகவோ வேலைக்காகவோ வேறு ஊர் செல்லும் வாலிபர் புறப்படுவதற்கு முன்பே அங்குள்ள ஒரு சபையின் போதகரோடு பேசி அறிமுகப்படுத்திவிட்டு, முதல் சில மாதங்கள் தொடர்பில் இருக்கும் பொறுப்பை, அந்த வாலிபரை நன்கு அறிந்த ஒருவரிடம் ஒப்படையுங்கள்.