தகவல் உரிமை மனு அனுப்பிய பின் பதிலுக்காகக் காத்திருப்பது எப்படி?

தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005-இன் கீழ் மனு அனுப்பிய பலர், பதில் வரும்போது வரட்டும் என்று இருந்துவிட்டு, மேல்முறையீட்டுக்கான காலக்கெடுவையும் கோட்டைவிட்டுவிடுகிறார்கள். துணிந்து கேள்வி கேட்டவர்கள் இப்படித் தம் உரிமையை இழப்பது வருத்தத்திற்குரியது.

பதில் தருவதற்குச் சட்டம் தரும் 30 நாள் கெடு, மனுவை நீங்கள் அனுப்பிய நாளிலிருந்து அல்ல, அது அலுவலகத்திற்குக் கிடைத்த நாளிலிருந்தே தொடங்குகிறது. ஆகவே மனுவின் நகல், 10 ரூபாய் கட்டணம் செலுத்தியதற்கான சான்று, விரைவு அஞ்சல் ரசீது மூன்றையும் ஒரே கோப்பில் வையுங்கள். ரசீதில் எழுத்தும் எண்ணுமாக உள்ள குறியீட்டை அஞ்சல் துறையின் இணையதளத்தில் இட்டு, மனு பட்டுவாடா செய்யப்பட்ட தேதி தெரியும் பக்கத்தை உடனே அச்செடுத்துக்கொள்ளுங்கள். மேல்முறையீட்டில் உங்களுக்குக் கைகொடுப்பது அந்தத் தாள்தான்.

இடையில் இரண்டு விதமான கடிதங்கள் வரக்கூடும். மனு வேறு அலுவலகத்திற்கு மாற்றப்பட்டது என்றால், பிரிவு 6(3)-இன்படி அந்த மாற்றத்தை 5 நாட்களுக்குள் செய்திருக்க வேண்டும். நகல் கட்டணம் கேட்டிருந்தால் தாமதிக்காமல் செலுத்துங்கள், ஏனெனில் அக்கடிதம் அனுப்பப்பட்டதற்கும் நீங்கள் பணம் கட்டியதற்கும் இடைப்பட்ட நாட்கள் கெடுவில் சேராது. ஒருவரின் உயிர் அல்லது சுதந்திரம் சார்ந்த தகவலுக்குக் கெடு 48 மணி நேரம் மட்டுமே.

தொலைபேசியில் விசாரிப்பதில் தவறில்லை. ஆனால் "அனுப்பிவிடுகிறோம்" என்ற பதிலை நம்பி நாளைக் கடத்தாதீர்கள். கெடு முடிந்தும் பதில் இல்லையென்றால், சட்டத்தின் பார்வையில் உங்கள் கோரிக்கை மறுக்கப்பட்டதாகவே பொருள். அன்றிலிருந்து 30 நாட்களுக்குள், அதே துறையில், மனுவுக்குப் பதில் தர வேண்டிய பொதுத் தகவல் அலுவலருக்கு மேல்நிலையில் உள்ள மேல்முறையீட்டு அலுவலருக்குப் பிரிவு 19(1)-இன் கீழ் முதல் மேல்முறையீடு அனுப்புங்கள். மனு கிடைத்த தேதி, கெடு முடிந்த தேதி, பதில் வராத விவரம் ஆகியவற்றை எழுதி நகல்களை இணைத்தால் போதும். நீண்ட வாதங்கள் தேவையில்லை. தாமதமாகத் தரப்படும் தகவலைக் கட்டணமின்றித் தர வேண்டும் என்று பிரிவு 7(6) கூறுவதையும் அதில் குறிப்பிடுங்கள்.

மேல்முறையீட்டின் மீது 30 நாட்களுக்குள், காரணத்தைப் பதிவு செய்தால் அதிகபட்சம் 45 நாட்களுக்குள், முடிவெடுக்க வேண்டும். அதுவும் நடக்காவிட்டால் 90 நாட்களுக்குள் தகவல் ஆணையத்தில் இரண்டாம் மேல்முறையீடு செய்யலாம். தகுந்த காரணமின்றித் தாமதித்த அலுவலருக்கு நாளொன்றுக்கு 250 ரூபாய் வீதம், 25,000 ரூபாய் வரை தண்டம் விதிக்கும் அதிகாரம் ஆணையத்திற்கு உண்டு என்பதால், பிரிவு 20-இன் கீழ் அதையும் அந்த மனுவிலேயே கோருங்கள்.