முல்லைத்தீவு போகிறவர்களுக்கு: எந்த வேலைக்கு எந்தக் கந்தோர்

காணி, பதிவு வேலைகளுக்காக வெளிநாட்டிலிருந்து இலங்கையின் முல்லைத்தீவு மாவட்டத்துக்குப் போகிறவர்களுக்கான குறிப்பு இது. ஏ-9 (கண்டி - யாழ்ப்பாணம்) வீதியால் வருகிறவர்கள் மாங்குளத்தில் இறங்க வேண்டும். ரயில் நிலையமும் அங்கே இருக்கிறது. அங்கிருந்து ஏ-34 வீதி ஒட்டுசுட்டான், முள்ளியவளை ஊடாக முல்லைத்தீவு நகருக்குப் போகும், ஏறத்தாழ 50 கிலோமீற்றர். கிளிநொச்சிப் பக்கமிருந்து வருவதானால் பரந்தனில் திரும்பி ஏ-35ஐப் பிடியுங்கள். விசுவமடு, புதுக்குடியிருப்பு, முள்ளிவாய்க்கால் தாண்டி வட்டுவாகலில் நகருக்குள் நுழைவீர்கள். ஐப்பசி முதல் மார்கழி வரை மழை அடித்தால் நந்திக்கடல் என்ற களப்பு பெருகி அந்தப் பாதையில் வெள்ளம் ஏறும். அந்த மாதங்களில் பாதை திறந்திருக்கிறதா என்று ஊரில் கேட்டுவிட்டே வெளிக்கிடுங்கள்.

மாவட்டத்தின் பரப்பு 2,617 சதுர கிலோமீற்றர். 2012 கணக்கெடுப்பில் சனத்தொகை சுமார் 92,000தான். இலங்கையிலேயே ஆகக் குறைந்த சனம் உள்ள மாவட்டம். மேற்கே வவுனிக்குளம், நடுவில் முத்தையன்கட்டு, தெற்கே தண்ணிமுறிப்பு என்று குளங்களை நம்பிய வயல் ஊர்கள். கிழக்கே நந்திக்கடல், நாயாறு, கொக்கிளாய்க் களப்புகளை ஒட்டி மீன்பிடி ஊர்கள். 1977 கலவரத்துக்குப் பின் மலையகத்திலிருந்து வந்து குடியேறியவர்களின் கிராமங்களும், 1990இல் வெளியேற்றப்பட்டுப் பின்னர் திரும்பிய முஸ்லிம்கள் வாழும் நீராவிப்பிட்டி போன்ற ஊர்களும் உண்டு. ஆகையால் 'ஊர்க்காரர்' என்று ஒரே வகையில் எவரையும் எண்ணிவிடாதீர்கள்.

வருகிறவர்களின் நாட்கள் வீணாவது பெரும்பாலும் கந்தோர் (அலுவலகம்) மாறிப் போவதால்தான். பிரதேச சபை வேறு, பிரதேச செயலகம் வேறு. சபை வாக்குப் போட்டுத் தெரிவாவது: உள்ளூர் வீதி, சந்தை, நூலகம், மயானம், குப்பை, வீடு கட்டும் அனுமதி. செயலகம் அரசாங்கக் கந்தோர்: காணி, பிறப்பு இறப்புப் பதிவு, அரச உதவிகள். அதற்கு மேலே முல்லைத்தீவு நகரிலுள்ள கச்சேரியில், அதாவது மாவட்டச் செயலகத்தில், அரசாங்க அதிபர். செயலகங்கள் 6: கரைதுறைப்பற்று, புதுக்குடியிருப்பு, ஒட்டுசுட்டான், துணுக்காய், மாந்தை கிழக்கு, வெலிஓயா. சபைகளோ 4தான். ஒட்டுசுட்டானுக்குத் தனிச் சபை கிடையாது. அங்கே காணிக் கடிதத்துக்கு ஒட்டுசுட்டான் செயலகம், வீடு கட்டும் படத்துக்கு அனுமதி எடுக்கப் புதுக்குடியிருப்புப் பிரதேச சபை.

எந்த வேலையென்றாலும் முதலில் பார்க்க வேண்டியவர் கிராம அலுவலர். வதிவு உறுதி, காணி ஆட்சியில் யார் இருக்கிறார் என்பதெல்லாம் அவர் கையெழுத்திலிருந்தே தொடங்கும். களவேலைக்கும் போகிறவர் என்பதால் எல்லா நாளும் கந்தோரில் கிடைக்கமாட்டார். போவதற்கு முன் தொலைபேசியில் நாள் கேளுங்கள். பிறப்பு, இறப்புச் சான்றிதழ்ப் பிரதிக்குப் பெயர் மட்டும் போதாது. திகதியும் பதிந்த இடமும் தெரிந்தால் தேடுவது சுலபம்.

காணிதான் கவனமாக இருக்க வேண்டிய விடயம். உங்கள் பெற்றோரிடம் இருந்தது உறுதிக் காணியா (சொந்தப் பத்திரம் உள்ளது), பேர்மிட் காணியா (அனுமதிப்பத்திரத்தில் கொடுத்த அரச காணி) என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். வன்னியில் குடியேற்றத் திட்டக் காணிகள் பெரும்பாலும் 1935 காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழான பேர்மிட் காணிகள். பிரதேச செயலாளரின் சம்மதமின்றி அவற்றைக் கைமாற்ற முடியாது. ஒப்பந்தம் எழுதிப் பணம் கொடுத்து வாங்கியவர்கள் பின்பு கையில் ஒன்றுமில்லாமல் நிற்பது இதனால்தான். பின்னுரித்தாளராக, அதாவது அடுத்து உரிமை பெறுபவராக, பெயர் குறிக்கப்பட்டவர், பேர்மிட்காரர் இறந்து 6 மாதத்துக்குள் காணியைப் பொறுப்பேற்க வேண்டும். வெளிநாட்டில் இருந்தபடி பேசாமல் விட்டால் உரிமை கைநழுவும். பெயரே குறிக்காமல் இறந்திருந்தால் சட்டம் சொல்லும் வரிசையில்தான் உரிமை போகும், சகோதரர் தாங்களாகவே கூடித் துண்டு போட முடியாது. தனியார் காணியென்றால், 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டம் வெளிநாட்டுக் குடியுரிமையாளர் வாங்குவதைத் தடுக்கிறது. இரட்டைக் குடியுரிமை உள்ளவர்களுக்கும், நெருங்கிய உறவினரிடமிருந்து மரபுரிமையாகப் பெறுகிறவர்களுக்கும் விலக்கு உண்டு. அற்றோனித் தத்துவம் (உங்களுக்காக இன்னொருவர் செயற்படும் அதிகாரப் பத்திரம்) கொடுப்பதானால் எந்தக் காணி, என்ன வேலை என்று குறித்தே கொடுங்கள். 'எல்லா அதிகாரமும்' என்று எழுதிக் கொடுத்தால் உங்களுக்குத் தெரியாமலே காணி விற்கப்படலாம். கொக்கிளாய், கருநாட்டுக்கேணி, கொக்குத்தொடுவாய்ப் பக்கம் மகாவலி அபிவிருத்தித் திட்டத்தின் 'எல்' வலயமும் குறுக்கே வரும். வேறு பல இடங்களில் வனத்திணைக்கள எல்லைக்கல் விழுந்திருக்கும். நில அளவைப் படம் கையில் இல்லாமல் வேலி போடத் தொடங்காதீர்கள்.

பல ஆண்டுகள் பற்றை மூடிக் கிடந்த காணியை உடனே துப்புரவாக்கவும் வேண்டாம். அந்த இடத்தில் மிதிவெடி அகற்றி முடிந்ததா என்று கிராம அலுவலரிடம் கேட்டபின்தான் பெக்கோவை (மண் தோண்டும் இயந்திரம்) இறக்க வேண்டும். மண்டையோடு போட்ட சிவப்புப் பலகையைக் கண்டால், வந்த தடத்திலேயே திரும்புங்கள்.

வைகாசியில் போகிறவர்கள் வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் பொங்கல் எந்தத் திங்கள் என்று பார்த்து, தங்குமிடத்தை வெகு முன்னரே பேசிவையுங்கள். அன்று நகரில் அறை கிடையாது, முள்ளியவளை வீதியில் வாகனம் நகராது. மே 18 முள்ளிவாய்க்கால் நினைவு நாளும் அதே மாதத்தில் வருகிறது. மாவட்டப் பொது வைத்தியசாலை மாஞ்சோலையில் இருக்கிறது. அம்புலன்சுக்கு 1990, பொலிசுக்கு 119.