பாலே ஸ்டார் ஆடுற டாங்கோ ஷோவை எப்படி பாக்கணும்

ஒரு பாலே ஸ்டார் தலைமைல டாங்கோ, அதாவது அர்ஜென்டினா ஜோடி டான்ஸ், ஷோவா வருதுன்னா ரெண்டு வகை ஆளுங்க டிக்கெட் எடுப்பாங்க. பாலே பிடிச்சவங்க இவர் ஏன் இவ்ளோ கம்மியா குதிக்கிறார்னு கேப்பாங்க, டாங்கோ பிடிச்சவங்க கால் எதுக்கு இவ்ளோ உயரம் போகுதுன்னு கேப்பாங்க. ரெண்டு பேருமே கண்ணைத் தப்பான இடத்துல வச்சிருக்காங்கங்கிறது என் அபிப்பிராயம்.

உதாரணத்துக்கு அர்ஜென்டினா பாலே டான்சர் ஹூலியோ போக்காவையே எடுத்துக்குவோம், இந்த மாதிரி ஷோவுக்கு அவரை விட பொருத்தமான ஆள் எனக்குத் தெரிஞ்சு இல்ல. 1967ல அர்ஜென்டினா தலைநகர் புவனோஸ் ஐரஸ் பக்கத்துல முன்ரோல பிறந்தவர், அந்த ஊரு ஓபரா ஹவுஸான டியாட்ரோ கொலோனோட ஸ்கூல்ல படிச்சவர், 1985ல மாஸ்கோ பாலே போட்டில தங்கம், அடுத்த வருஷமே அமெரிக்கன் பாலே தியேட்டர்ல பிரின்சிபல் டான்சர். 1990ல சொந்தமா பாலே அர்ஹென்டினோன்னு ஒரு ட்ரூப் ஆரம்பிச்சு, 2000-களோட ஆரம்பத்துல போக்காடாங்கோங்கிற ஷோவை எடுத்துக்கிட்டு பல நாடு சுத்துனார். கோரியோகிராஃபி அனா மரியா ஸ்டேகெல்மன், அவங்க நியூயார்க்ல மார்த்தா கிரகாம் முறைல மாடர்ன் டான்ஸ் கத்துக்கிட்டு வந்து அதையும் டாங்கோவையும் ஒண்ணா கலந்தவங்க. கடைசில 2007 டிசம்பர் 22ல புவனோஸ் ஐரஸ்ல 9 தே ஹூலியோ ரோட்டுல, ஒபெலிஸ்கோங்கிற நினைவுத்தூண் பக்கத்துல ஸ்டேஜ் போட்டு ஃப்ரீயா ஆடி விடைபெற்றார், லட்சக்கணக்கான ஜனம் தெருவுல நின்னு பாத்துச்சு. ஒரு பாலே டான்சருக்கு அவ்ளோ கூட்டம் சேருதுன்னா அந்த ஊருக்கு அவர் என்னவா இருந்திருப்பார்னு யோசிச்சுக்கோங்க.

டிக்கெட் எடுக்கும்போது மூணு விஷயம் பாருங்க. மியூசிக் லைவா ரெக்கார்டான்னு முதல்ல பாருங்க, லைவ்னா காசு கொஞ்சம் கூட போனாலும் பரவால்ல எடுத்துருங்க. அடுத்து, போஸ்டர்ல பேர் போட்டிருக்குற ஸ்டார் உங்க தேதில ஆடுறாரான்னு பாருங்க, டூர்ல ஆள் மாறுறது சகஜம், அப்புறம் ஸ்டார் எல்லா ஐட்டத்துலயும் வரமாட்டார், அதையும் எதிர்பார்த்துப் போங்க. மூணாவது, கூட ஆடுற ஜோடிகள்ல டாங்கோலயே வளர்ந்தவங்க இருக்காங்களா. இருந்தா நல்லது, ரெண்டு விதமான உடம்பும் ஒரே ஸ்டேஜ்ல பக்கத்துல பக்கத்துல தெரியும்.

சீட் விஷயத்துல முதல் வரிசை வேண்டாம், ஸ்டேஜ் உயரமா இருந்தா பாதமே தெரியாது. பால்கனியோட முன் வரிசை நடுவுல கிடைச்சா அதான் பெஸ்ட், ஜோடி தரைல போடுற வட்டமும் எட்டும் மேல இருந்து அழகா தெரியும்.

போறதுக்கு முன்னாடி ஒரு வாரமாச்சும் காதைத் தயார் பண்ணுங்க, என்னைக் கேட்டா இதுதான் முக்கியமான வேலை. பழைய டாங்கோ ஆர்கெஸ்ட்ரா நடத்துனவங்ககிட்ட இருந்து ஆரம்பிங்க: தாரியென்சோ வேகமா, வெட்டு வெட்டா வாசிப்பார், தி சார்லி நிதானமா நடப்பார், ஓஸ்வால்தோ புக்லியேசே ஒவ்வொரு அடியையும் தரைல இழுத்து இழுத்து வைப்பார். அப்புறமா டாங்கோ இசையமைப்பாளர் ஆஸ்டர் பியசோலாவுக்கு வாங்க, ஏன்னா பாலே ஆளுங்க டாங்கோ எடுத்தா பெரும்பாலும் அவர் மியூசிக்லதான் போய் நிப்பாங்க. 1921ல மார் தெல் பிளாட்டால பிறந்து, நியூயார்க்ல வளர்ந்து, 1954ல பாரிஸ்ல நாடியா பூலான்ஜேங்கிற மியூசிக் டீச்சர்கிட்ட போய்ப் படிச்சவர். அவரோட மியூசிக்ல அடிக்கடி வர்ற ஒரு அடி இருக்கு, எட்டு மாத்திரையை 3, 3, 2ன்னு பிரிச்சது. கையத் தட்டி தக்கிட தக்கிட தகன்னு சொல்லிப் பாருங்க, ஒவ்வொரு சொல்லோட முதல் எழுத்துல அழுத்தம் குடுங்க, அவ்ளோதான், பிடிச்சிட்டீங்க. ஷோல டான்சர் இந்த அழுத்தத்துல கால வைக்கிறாரா, இல்ல வேணும்னே அதைத் தாண்டிப் போறாரான்னு பாக்க ஆரம்பிச்சீங்கன்னா நேரம் போறதே தெரியாது.

பாண்டோனியான், அதாவது ரெண்டு கையால விரிச்சு மூடி வாசிக்கிற துருத்திப் பெட்டி, அதை வாசிக்கிறவரையும் கவனிங்க. அந்தப் பெட்டி ஜெர்மனில இருந்து வந்தது, ஒரே பட்டன் விரிக்கும்போது ஒரு ஸ்வரம், மூடும்போது வேற ஸ்வரம் குடுக்கும், அதனால வாசிக்கிறவங்க பெரும்பாலும் விரிச்சுக்கிட்டே வாசிச்சுட்டு காத்தைத் திறந்துவிட்டு டக்குனு மூடிக்குவாங்க. அந்த மூடுற இடைவெளில ஒரு மூச்சு வரும், நல்ல ஜோடி அந்த மூச்சுலதான் நிக்கும். டான்சர்ஸ் டிரெஸ் மாத்தப் போற நேரத்துல பேண்ட் மட்டும் தனியா வாசிக்கும், அப்போ ஃபோன எடுக்காதீங்க ப்ளீஸ், ஷோவோட பாதி உயிர் அங்கதான் இருக்கு.

இப்போ கண்ணு. பாலே படிச்ச உடம்பு மேல இழுத்துக்கும், இடுப்புல இருந்தே கால் வெளிப்பக்கம் திரும்பியிருக்கும். டாங்கோல எடை முழுசா தரைக்குப் போகும், ஒரு நேரத்துல ஒரு கால்ல மட்டும், முட்டியும் கணுக்காலும் உரசுற மாதிரி பக்கத்துல கடந்து போகும், முதல்ல கிளம்புறது நெஞ்சு, கால் அதுக்குப் பின்னாடி வரும். அதனால பாதத்தைப் பாக்காதீங்க, நெஞ்சைப் பாருங்க, ரெண்டு பேரு நெஞ்சுக்கும் நடுவுல இருக்குற இடத்தைப் பாருங்க. ஒருத்தர் நெஞ்சு திரும்புனதும் மத்தவங்க இடுப்பு ஒரு நொடி தாமதிச்சுத் திரும்புனா அது ஓச்சோ, தரைல எட்டு போடுறது. போற திசை சடார்னு மாறும்போது காத்துல கால் சாட்டை மாதிரி வீசுனா போலேயோ, கூட ஆடுறவர் கால்களுக்கு நடுவுல போய்க் கொக்கி போட்டா கான்சோ. எல்லாம் முன்னாடியே ஒத்திகை பாத்ததுதான், ஆனா நல்ல ஜோடில அந்தக் கால் கிளம்புறதுக்கு ஒரு காரணம் தெரியும், முன்னாடி நெஞ்சுல ஒரு அசைவு இருந்திருக்கும். காரணமே இல்லாம கால் மேல போனா அது வெறும் ஜிம்னாஸ்டிக்ஸ், எவ்ளோ பெரிய ஸ்டாரா இருந்தாலும்.

ஸ்டாரோட சோலோ வர்றப்ப அவர் நடக்குறதைப் பாருங்க. சுத்து, குதி எல்லாம் பாலேல பத்து வயசுல இருந்து பழகுனது, அது நல்லாத்தான் இருக்கும், ஆச்சரியம் ஒண்ணும் இல்ல. ஆனா வெறுமனே நாலு அடி முன்னாடி நடக்கும்போது அந்த உடம்பு மேல இழுத்துக்குறத விட்டுட்டு கீழ இறங்குதா? போக்காவை வீடியோல பாக்கும்போது எனக்கு ரொம்பப் பிடிச்சது இதான், அவர் பாலேவை ஒளிச்சு வைக்கல, பயங்கர வேகமா சுத்தி வந்து அப்படியே நிக்கிற இடத்துல முட்டி மடங்கி கனம் தரைக்கு இறங்கும், அந்த இறக்கத்துல பாலே முடிஞ்சு டாங்கோ ஆரம்பிக்கும். அவர் மிலோங்கால, அதாவது ஜனங்க கூடி டாங்கோ ஆடுற இடத்துல, ஆடுற தாத்தாக்கள் மாதிரி ஆடணும்னு எதிர்பார்க்குறது நியாயமே இல்ல, அது வேற கலை, ஹால்ல நூறு பேருக்கு நடுவுல யாரையும் இடிக்காம ஆடுறது.

ஆணும் ஆணும் ஆடுற டூயட் வந்தா அது ஏதோ புதுமைக்காக சேத்ததுன்னு நினைச்சிராதீங்க. கப்பல்ல வந்து இறங்குன ஆம்பளைங்க நிறைஞ்ச ஊரா புவனோஸ் ஐரஸ் இருந்த காலத்துல, பொண்ணுங்க கூட ஆடுறதுக்கு முன்னாடி ஆம்பளைங்க ஒருத்தரோட ஒருத்தர் ஆடிப் பழகித்தான் வருவாங்க. அந்த டூயட்ல யார் நடத்துறாங்க, யார் பின்னாடி போறாங்கங்கிறது நடுவுல மாறும், அதைப் பிடிக்கப் பாருங்க.

கை தட்டுறது எப்பன்னு கேப்பீங்க. பழைய டாங்கோ பாட்டெல்லாம் முடியும்போது ரெண்டு அடி வரும், அந்த ஊர்க்காரங்க அதை ச்சான் ச்சான்னு சொல்வாங்க, ரெண்டாவது ச்சான் முடிஞ்சு ஜோடி அசையாம நிக்கும்போது தட்டலாம். புது பீஸ்கள்ல அது வராமலே போகலாம், அப்போ லைட் அணையுற வரைக்கும் பொறுங்க. நடுவுல கால் உயரம் போகுறப்பெல்லாம் தட்டுனா பாண்டோனியான் கேக்காது.

வீட்டுக்கு வந்தப்புறம் ஒரு வேலை பாக்கி இருக்கு. புவனோஸ் ஐரஸ்ல 2003ல இருந்து நடக்குற உலக டாங்கோ போட்டியோட ஃபைனல் வீடியோ தேடுங்க, அதுல பிஸ்டா, எஸ்செனாரியோன்னு ரெண்டு பிரிவு. பிஸ்டால தூக்குறது, குதிக்கிறது கிடையாது, மியூசிக் ஓடுற வரைக்கும் ஜோடி பிரியக்கூடாது, எஸ்செனாரியோ ஸ்டேஜுக்கான டாங்கோ, அங்க பிரியுறது, தூக்குறது, குதிக்கிறதுக்கெல்லாம் இடம் உண்டு. பிஸ்டாவை முதல்ல ஒரு அரை மணி நேரம் பாத்துட்டு அப்புறம் எஸ்செனாரியோ பாருங்க, அதுக்கப்புறம் போக்கா ஆடுன ஏதாவது ஒரு டாங்கோ கிளிப்பைப் போட்டு, சவுண்டை ஆஃப் பண்ணி ஒரு தடவ, சவுண்டோட ஒரு தடவ பாருங்க.